பெயர் சொல்லிக் கொடுத்தல்: பில்ட் ஸ்கிரிப்ட்களில் அளபுருக்களின் வரலாறு

நிரலாளர் எழுதிய மூல நிரலைத் தொகுத்து, வேண்டிய நூலகங்களோடு இணைத்து, பயனரின் கணினியில் ஓடத்தக்க மென்பொருளாக ஆக்கும் வேலைக்கு நிரலாளர் வட்டாரத்தில் பில்ட் என்று பெயர். சில நூறு கோப்புகள் கொண்ட மென்பொருளில் எதை முதலில் தொகுப்பது, எதை எதோடு இணைப்பது, முடிந்ததை எந்த அடைவில் வைப்பது என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்ய இயலாது என்பதால், அந்த அறிவுறுத்தல்கள் ஒரு கோப்பில் எழுதிவைக்கப்படுகின்றன. அக்கோப்பு பில்ட் ஸ்கிரிப்ட். அதைப் படித்து வேலையை நடத்தும் மென்பொருள் பில்ட் அமைப்பு. பில்ட் ஸ்கிரிப்டில் ஒரே வகையான வேலை திரும்பத் திரும்ப வருமிடத்தில் அதை ஒரு செயற்கூறாகவோ மேக்ரோவாகவோ எழுதி, இடத்திற்கு இடம் மாறும் விவரங்களை மட்டும் அடைப்புக்குறிக்குள் கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுக்கப்படும் விவரம் அளபுரு எனப்படும்.

அளபுருக்களைக் கொடுப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது இடமுறை: முதலில் வருவது இலக்கின் பெயர், இரண்டாவதாக வருவது மூலக் கோப்பு, மூன்றாவதாக வருவது நிறுவும் அடைவு என்று வரிசையே பொருளை நிர்ணயிக்கும். இரண்டாவது பெயர்முறை: ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அது இன்னது என்று ஒரு சிறப்புச்சொல் நிற்கும், வரிசை மாறினாலும் பொருள் மாறாது. ‘கொற்றன் சாத்தனைக் கண்டான்’ என்றாலும் ‘சாத்தனைக் கொற்றன் கண்டான்’ என்றாலும் காணப்பட்டவன் சாத்தனே என்பதை ஐ உருபு காத்துக்கொள்கிறது. தமிழ்த் தொடரில் வேற்றுமை உருபு செய்யும் அந்த வேலையைப் பெயர்முறை அளபுருவில் சிறப்புச்சொல் செய்கிறது.

பில்ட் கருவிகளின் அரை நூற்றாண்டு வரலாற்றில் இந்தப் பெயர்முறை இரண்டு கட்டங்களாக வந்து சேர்ந்தது. கட்டளை வரியில் அமர்ந்து கருவியை ஏவுபவருக்கு அது முதலிலேயே கிடைத்துவிட்டது. ஸ்கிரிப்டை எழுதி அதற்குள் தமக்கென்று செயற்கூறுகளை வகுத்துக்கொண்டவர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. சிமேக் என்னும் பில்ட் அமைப்பில் அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பயனர்களே ஆவர். மொழியில் இல்லாத ஒரு வசதியை அம்மொழியைக் கொண்டே எழுதி, பிறகு அதை மொழியின் பகுதியாகவும் ஆக்கினார்கள்.

கட்டளை வரியின் முன்வரலாறு

பெயர்முறை பில்ட் கருவிகளுக்கு முந்தியது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளின் இயக்க அமைப்பில், ஒரு வேலைக்கு எந்தக் கோப்பு வேண்டும், எந்தக் கருவியில் வேண்டும் என்பதைச் சொல்ல ஜேசிஎல் என்னும் வேலைக் கட்டுப்பாட்டு மொழி இருந்தது. கோப்பை விவரிக்கும் அதன் டிடி கூற்றில், தரவுத் தொகுதியின் பெயர், அதன் நிலை, அலகு, இட அளவு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு சிறப்புச்சொல்லும் சமக்குறியும் முன்வர எழுதப்பட்டன. ஆயினும் அதே கூற்றில் கோப்பின் நிலையைக் குறிக்கும் டிஸ்ப் என்னும் சொல்லுக்கு உரிய மதிப்பு, அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகளாக, இடமுறையில் அமைந்தது. முதற்பகுதி கோப்பு புதியதா பழையதா என்பது. இரண்டாவது வேலை நல்லபடி முடிந்தால் அதை என்ன செய்வது என்பது. மூன்றாவது வேலை முறிந்தால் என்ன செய்வது என்பது. முதற்பகுதியைச் சொல்லாமல் விட விரும்பியவர் அந்த இடத்தைக் காலியாக வைத்து ஒரு காற்புள்ளியை மட்டும் இட வேண்டியிருந்தது. இடமுறையில் எதையும் சும்மா விட்டுவிட முடியாது, விட்டதற்கும் ஓர் அடையாளம் வைத்தே ஆக வேண்டும் என்பதற்கு அந்தக் காற்புள்ளி மிகப் பழைய சான்று.

யூனிக்ஸ் இயக்க அமைப்பு வேறொரு மரபை வளர்த்தது. அதன் கட்டளைகளில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்து ஒரு விருப்பத்தேர்வு ஆயின. சில எழுத்துகள் தனித்தே பொருள் தந்தன. சில எழுத்துகள் அடுத்து வரும் சொல்லைத் தம் மதிப்பாகக் கொண்டன. தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டளையும் தன் விருப்பத்தேர்வுகளைத் தானே பிரித்துப் படித்ததால், ஒரே எழுத்தைச் சேர்த்தெழுதலாமா பிரித்தெழுத வேண்டுமா என்பது கட்டளைக்குக் கட்டளை வேறுபட்டது. இந்த வேறுபாட்டைக் களைய கெட்ஆப்ட் என்னும் பொதுச் செயற்கூறு யூனிக்ஸ் சிஸ்டம் III பதிப்பில் இடம்பெற்றது. 1985இல் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி நிறுவனம் அதன் மூல நிரலை எல்லாரும் எடுத்தாளும்படி வெளியிட்டது.

கெட்ஆப்டின் மையத்தில் ஒரு சிறிய அறிவிப்பு இருந்தது. ஏற்கத்தக்க எழுத்துகளை ஒரே சரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த எழுத்துக்கு மதிப்பு உண்டோ அதை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட வேண்டும். எவை வெறும் கொடிகள், எவை மதிப்பு ஏற்பவை என்பதைப் பிரிக்கும் வேலையிலிருந்து விலக்கி, முன்கூட்டியே அறிவித்துவிடுவது என்னும் கொள்கை இதில்தான் தெளிவான வடிவம் பெற்றது. குனு திட்டம் இதை நீட்டி, இரட்டைக் கோட்டுக்குப் பின் முழுச் சொல்லே வரும் நெடும்பெயர் விருப்பத்தேர்வுகளை வழக்கத்திற்குக் கொண்டுவந்தது. ஓரெழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை மாறி, கட்டளையைப் படித்தாலே பொருள் விளங்கும் நிலை வந்தது.

வெளியே பெயர், உள்ளே இடம்

பில்ட் கருவிகளுள் முதன்மையானதான மேக், 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனால் எழுதப்பட்டது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை மேக்ஃபைல் என்னும் கோப்பில் எழுதிவிட்டால், மாறிய கோப்புகளைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி தொகுக்கும் திறன் அதற்கு இருந்தது. அந்த எண்ணத்தின் வலிமைக்காகவே 2003இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மேனுக்கு வழங்கப்பட்டது. மேக்கை ஏவுபவர் கட்டளை வரியில் ஒரு பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதினால், மேக்ஃபைலில் உள்ள அப்பெயருடைய மாறி அம்மதிப்பைப் பெறும். வெளியிலிருந்து பார்க்க இது தூய பெயர்முறை. மேக்ஃபைலுக்குள்ளேயோ தொடக்கத்தில் அளபுரு ஏற்கும் செயற்கூறு என்ற ஒன்றே இல்லை. பிற்காலத்தில் குனு மேக் ‘கால்’ என்னும் வசதியைச் சேர்த்தபோது, எழுதிய வார்ப்புருவுக்குள் அளபுருக்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களாகவே வந்து சேர்ந்தன. ஐந்தாம் எண் எதைக் குறிக்கிறது என்பதை அறிய, எழுதியவரின் குறிப்பைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இருநிலை ஆட்டோகான்ஃபில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஒரே நிரலைப் பல யூனிக்ஸ் வகைகளில் தொகுக்க வேண்டிய நெருக்கடியில், 1991இல் டேவிட் மெக்கன்ஸி குனு திட்டத்திற்காக அதை எழுதத் தொடங்கினார். அது உண்டாக்கும் கன்ஃபிகர் என்னும் ஷெல் ஸ்கிரிப்ட், கணினியின் தன்மைகளைச் சோதித்து, அதற்கேற்ற மேக்ஃபைலை ஆக்கித் தரும். நிறுவும் அடைவைக் குறிக்கும் ‘பிரிஃபிக்ஸ்’, வெளி நூலகத்தைச் சேர்க்கும் ‘வித்’, ஒரு கூறை இயக்கும் ‘எனேபிள்’ ஆகிய நெடும்பெயர் விருப்பத்தேர்வுகள் அந்த ஸ்கிரிப்ட் வழியாகவே உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் கைப்பழக்கமாயின. பெயர்முறையின் மிகப் பரவலான வெற்றி இது என்று சொல்லலாம்.

அதே கருவியின் உட்புறம், 1977இல் கெர்னிகனும் ரிச்சியும் ஆக்கிய எம்4 என்னும் மேக்ரோ மொழியில் அமைந்திருந்தது. எம்4 மேக்ரோக்களோ முழுக்க முழுக்க இடமுறையில் இயங்குபவை. ஒரு நூலகம் கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆட்டோகான்ஃப் மேக்ரோ ஐந்து அளபுருக்களை ஏற்கும்: நூலகத்தின் பெயர், அதிலுள்ள ஒரு செயற்கூறின் பெயர், கிடைத்தால் செய்ய வேண்டியது, கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியது, உடன் இணைக்க வேண்டிய பிற நூலகங்கள். கிடைக்காதபோது பிழை சொல்ல மட்டும் விரும்பியவர், மூன்றாம் இடத்தைக் காலியாக விட்டு அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளிகள் இட வேண்டும். ஒரு காற்புள்ளி குறைந்தால், இல்லாதபோது வர வேண்டிய பிழைச்செய்தி இருக்கும்போது வந்துவிடும். ஜேசிஎல்லின் டிஸ்ப் மதிப்பில் இருந்த காலி இடத்தின் காற்புள்ளி கால் நூற்றாண்டுக்குப் பின்னும் தொடர்ந்தது. மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வருமானால் அதைச் சதுர அடைப்புக்குள் பொதிய வேண்டும் என்னும் விதியும் சேர்ந்துகொள்ள, ஆட்டோகான்ஃப் கோப்புகளைப் படிப்பது தனிப் பயிற்சி வேண்டும் கலையாயிற்று.

கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் தன் விருப்பத்தேர்வுகளைப் பிரிக்கும் விதத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிரிஃபிக்ஸ் என்னும் சொல் சமக்குறியும் மதிப்பும் இன்றித் தனியே வந்தால், ஸ்கிரிப்ட் அப்பெயரை ‘ஏசி பிரெவ்’ என்னும் மாறியில் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்கு நகரும். அடுத்த சுற்றில் அந்த மாறி காலியாக இல்லை என்பதைக் கண்டு, வந்த சொல்லை அப்பெயருக்கு மதிப்பாக வைத்துவிட்டு மாறியைக் காலி செய்யும். கடைசியாகக் கேட்ட பெயரை மட்டும் நினைவில் கொண்டு, அடுத்து வருவதை அதனிடம் ஒப்படைப்பது என்னும் இந்தச் சிறு பொறிமுறை, வேறு வேறு மொழிகளில் வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது.

1993இல் கிறிஸ்டோஃபர் சைவால்ட் வெளியிட்ட ஜாம் என்னும் கருவி நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. அதன் விதிகளில் அளபுரு ஒவ்வொன்றும் ஒரு சொற்பட்டியல். பட்டியல்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்படும். ஓர் அளபுருவுக்குள் எத்தனை கோப்பும் வரலாம் என்பது முன்னேற்றமே ஆயினும், எந்தப் பட்டியல் எதைக் குறிக்கிறது என்பதை வரிசைதான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளமைந்த கட்டளையும் பயனர் மேக்ரோவும்

சிமேக்கின் தோற்றம் மருத்துவப் படிமவியலோடு தொடர்புடையது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் காணத்தக்க மனிதர் திட்டத்தின் தொடர்ச்சியாக ஐடிகே என்னும் படிமப் பகுப்பாய்வு நிரல் தொகுதிக்கு 1999இல் நிதி வழங்கியபோது, பல நிறுவனங்கள் சேர்ந்து எழுதும் அந்நிரலை யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒருங்கே தொகுக்க வழி வேண்டியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிட்வேர் நிறுவனத்தில் பில் ஹாஃப்மன் முதலானோர், முந்தைய கருவியான பிசிமேக்கரின் சில எண்ணங்களைக் கொண்டு சிமேக்கை வடிவமைத்தனர். சி++ தொகுப்பியைத் தவிர வேறெதுவும் கணினியில் நிறுவப்பட்டிருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நிபந்தனை. அதனால் ஷெல்லையோ பெர்லையோ பைத்தானையோ சாராமல், சிமேக் தனக்கென்று ஒரு சிறிய மொழியைக் கொண்டு பிறந்தது.

அம்மொழியில் எல்லா மதிப்பும் சரமே; பட்டியல் என்பதும் உறுப்புகளுக்கிடையே அரைப்புள்ளி இட்ட சரமே. கட்டளை ஒன்றின் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி கிடையாது. சொற்கள் வெற்றிடத்தால் மட்டும் பிரிந்து நிற்கும். நூறு கோப்புகளை வரிசையாக எழுத இது மிக வசதி. அதேவேளையில் எது கோப்பு, எது கட்டளை, எது சார்பு என்பதை வேறு ஏதாவது ஒன்று காட்டியாக வேண்டும் என்பதால், தொடக்கம் முதலே சிமேக்கின் உள்ளமைந்த கட்டளைகள் பேரெழுத்தில் எழுதிய சிறப்புச்சொற்களைக் கையாண்டன. தனிப்பயன் கட்டளை ஒன்றைச் சேர்க்கும் கட்டளையில் விளைபொருளுக்கு ‘அவுட்புட்’, செய்ய வேண்டியதற்கு ‘கமாண்ட்’, சார்ந்திருப்பவற்றுக்கு ‘டிபெண்ட்ஸ்’ என்னும் சொற்கள் முன்னின்றன.

இச்சொற்களைப் பிரித்தறியும் வேலையைக் கட்டளை ஒவ்வொன்றும் சி++ மொழியில் தனித்தனியே செய்துகொண்டது. தனிப்பயன் கட்டளையின் மூல நிரலில் ‘டூயிங்’ என்னும் மாறி இருக்கும். சிறப்புச்சொல் ஒன்று வந்ததும் அது ‘இப்போது வெளியீட்டைப் படிக்கிறோம்’, ‘இப்போது சார்புகளைப் படிக்கிறோம்’ என்னும் நிலைகளுள் ஒன்றுக்கு மாறும். சிறப்புச்சொல் அல்லாத சொல் வந்தால் அப்போதைய நிலைக்குரிய பட்டியலில் சேர்க்கப்படும். கன்ஃபிகர் ஸ்கிரிப்டின் ஏசி பிரெவ் மாறிக்கும் இதற்கும் கொள்கையில் வேறுபாடு இல்லை. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு என்னும் வரம்பு நீங்கி, அடுத்த பெயர் வரும்வரை எத்தனை மதிப்பும் ஒரே பெயருக்குச் சேரலாம் என்பதே வளர்ச்சி.

இந்த வசதி சிமேக்கை எழுதியவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஸ்கிரிப்டில் மேக்ரோ எழுதியவருக்கு, அறிவித்த அளபுருக்களுக்கு மேல் வந்தவை அனைத்தும் ‘ஆர்க்என்’ என்னும் ஒரே பட்டியலாகக் கிடைத்தன. அப்பட்டியலில் தாம் வகுத்த சிறப்புச்சொல் எங்கே இருக்கிறது, அதன் மதிப்பு எங்கே முடிகிறது என்பதை அவரே ஒரு சுற்றுக் கட்டளை எழுதித் தேட வேண்டும். அதன் விளைவாக ஒரே ஸ்கிரிப்டில் இரண்டு நடைகள் அருகருகே நின்றன: உள்ளமைந்த கட்டளைகள் தம் பொருளைத் தாமே சொல்லின, பயனர் எழுதிய மேக்ரோக்கள் வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டன.

சிறிய திட்டங்களில் இது பெருந்துன்பம் தரவில்லை. 2006இல் கேடிஇ மேசைக்கணினித் திட்டம் தன் நான்காம் பதிப்பிற்காக ஆட்டோகான்ஃப் குடும்பத்தை விட்டு, எஸ்கான்ஸ் என்னும் வேறொரு பில்ட் கருவியைச் சோதித்துப் பார்த்து, இறுதியில் சிமேக்கை ஏற்றபோது நிலை மாறியது. நூற்றுக்கணக்கான நிரலாளர்கள் பங்களிக்கும் அத்திட்டத்தில் எல்லாரும் பொதுவான மேக்ரோக்களைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் எழுதிய மேக்ரோவை அவரை அறியாதவர்களும் அழைக்க வேண்டும். புதிய தேவை எழும்போது பழைய அழைப்புகள் உடையாமல் மேக்ரோ வளரவும் வேண்டும். இடமுறையில் புதிய அளபுருவைக் கடைசியில் மட்டுமே சேர்க்க முடியும். அதற்கு மதிப்பு தர விரும்புபவர் இடையிலுள்ள அனைத்துக்கும் மதிப்பு தந்தாக வேண்டும். பெயர்முறையிலோ புதிய சிறப்புச்சொல் ஒன்றைச் சேர்த்தால் போதும். அதை அறியாத பழைய அழைப்புகள் பழையபடியே இயங்கும். பெயர்முறைக்கு ஆதரவான காரணங்களுள் படிக்கும் எளிமை முதலில் கண்ணில் படுவது. வளரும் உரிமை அதனினும் ஆழமானது.

சொல்லை நினைவில் வைக்கும் நிரல்

தேவை இருந்த இடத்தில் பயனர்களே வழி கண்டார்கள். சிமேக்கின் விக்கியில் ‘பார்ஸ் ஆர்கியுமெண்ட்ஸ்’ என்னும் மேக்ரோ ஒன்று பகிரப்பட்டு, திட்டத்திலிருந்து திட்டத்திற்கு நகலெடுக்கப்பட்டது. அது முன்னொட்டு ஒன்றையும், மதிப்பு ஏற்கும் சொற்களின் பட்டியலையும், மதிப்பில்லாத கொடிகளின் பட்டியலையும் பெற்றுக்கொண்டு, மீதிச் சொற்களைப் பிரித்துக் கொடுத்தது. இதைச் செம்மைப்படுத்தி, ஒரே மதிப்பு ஏற்பவை, பல மதிப்பு ஏற்பவை என்னும் பாகுபாட்டையும் சேர்த்து, கேடிஇ திட்டத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் நொய்ன்டார்ஃப் எழுதிய ‘சிமேக் பார்ஸ் ஆர்கியுமெண்ட்ஸ்’ என்னும் கூறு, 2010 நவம்பரில் வெளிவந்த சிமேக் 2.8.3 பதிப்போடு சேர்த்து வழங்கப்பட்டது.

அதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சோதனை ஒன்றைச் சேர்க்கும் செயற்கூறுக்கு ‘மௌனம்’ என்னும் கொடியும், ‘நேரவரம்பு’ என்னும் ஒற்றை மதிப்புச் சொல்லும், ‘மூலங்கள்’ என்னும் பன்மதிப்புச் சொல்லும் உள்ளன என்று கொண்டால், எழுதுபவர் இம்மூன்றையும் மூன்று பட்டியல்களாக அறிவித்து, ‘சோ’ என்னும் முன்னொட்டையும் தருகிறார். அழைப்பவர் ‘கணக்கு மூலங்கள் கூட்டல் கழித்தல் நேரவரம்பு 30 மௌனம்’ என்று எழுதுகிறார். கூறு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று பட்டியல்களிலும் தேடுகிறது. ‘கணக்கு’ எதிலும் இல்லை; இதுவரை எந்தப் பெயரும் வரவில்லை என்பதால் அது பிரிக்கப்படாத அளபுருக்கள் என்னும் தனிப்பட்டியலில் சேர்கிறது. ‘மூலங்கள்’ பன்மதிப்புச் சொல். நடப்புப் பெயராக அது குறிக்கப்பட, ‘கூட்டல்’, ‘கழித்தல்’ இரண்டும் சோ_மூலங்கள் என்னும் மாறியில் சேர்கின்றன. ‘நேரவரம்பு’ ஒற்றை மதிப்புச் சொல். 30 என்பதை அதனிடம் வைத்த கணமே கூறு அந்தப் பெயரை விட்டுவிடுகிறது. ‘மௌனம்’ கொடி என்பதால் சோ_மௌனம் உண்மை என்று வைக்கப்படுகிறது. அழைப்பில் அது வராமல் இருந்திருந்தால் பொய் என்று வைக்கப்பட்டிருக்கும்.

கெட்ஆப்டின் முக்காற்புள்ளி செய்த அறிவிப்பு இங்கே மூன்று பட்டியல்களாக விரிந்திருக்கிறது. கன்ஃபிகரின் ஏசி பிரெவ் மாறியும் சி++ நிரலின் டூயிங் மாறியும் செய்த வேலையை, நடப்புப் பெயரையும் அது ஒற்றையா பன்மையா என்பதையும் குறித்துக்கொள்ளும் இரண்டு மாறிகள் செய்கின்றன. பயனர் மேக்ரோவும் உள்ளமைந்த கட்டளையும் ஒரே நடையில் பேசும் நிலை இவ்வாறு பிறந்தது. முன்னொட்டு என்னும் ஏற்பாடும் எளிய தோற்றத்தில் முக்கியமான ஒன்று. 2008இல் வந்த 2.6 பதிப்பு வரை தனி மாறி எல்லை உடைய செயற்கூறே இல்லாத மொழியில், ஒரு மேக்ரோவின் மாறிகள் இன்னொன்றின் மாறிகளோடு மோதாமல் காத்தது அதுவே.

இம்மாற்றத்தின் வரலாற்றுத் தடம் நூலகங்களைத் தேடும் கூறுகளுக்கான பொதுச் செயற்கூறு ஒன்றில் இன்றும் காணக்கிடைக்கிறது. அதன் பழைய வடிவில் இரண்டாம் இடத்தில் பிழைச்செய்தி வரும். இயல்பான செய்தியே போதும் என்றால் ‘டிஃபால்ட் எம்எஸ்ஜி’ என்று எழுத வேண்டும். அதன்பின் தேவையான மாறிகள் வரிசையாக வரும். தேடிக் கிடைத்த நூலகத்தின் பதிப்பு எண்ணையும் சரிபார்க்க வேண்டும் என்னும் தேவை எழுந்தபோது அந்த வரிசையில் அதற்கு இடமில்லை. ஆகவே சிறப்புச்சொற்களைக் கொண்ட புதிய வடிவம் சேர்க்கப்பட்டது. பழைய அழைப்புகளும் ஆயிரக்கணக்கில் இருந்ததால் கைவிட முடியவில்லை. இரண்டாம் இடத்தில் வரும் சொல் அறிவிக்கப்பட்ட சிறப்புச்சொற்களுள் ஒன்றாக இருந்தால் புதிய வடிவம், இல்லாவிட்டால் பழைய வடிவம் என்று செயற்கூறு தானே முடிவு செய்தது. இடமுறை நிரம்பிவிட்ட ஓர் இடத்தில் பெயர்முறை குடியேறியதை அந்த ஒரு நிபந்தனை வரியில் படிக்க முடிகிறது.

காலிச் சரமும் அரைப்புள்ளியும்

மொழியின் மேல் கட்டப்பட்ட வசதிக்கு மொழியின் குறைகளும் வந்து சேரும். எல்லாமே சரம் என்பதால், மதிப்பாகக் கொடுக்க விரும்பிய சொல் தற்செயலாக ஒரு சிறப்புச்சொல்லோடு ஒத்துப்போனால் அது மதிப்பு என்று கொள்ளப்படாது. பட்டியல் என்பது அரைப்புள்ளியிட்ட சரம் என்பதால், அரைப்புள்ளி உடைய ஒரே மதிப்பு இரண்டு மதிப்புகளாக உடைந்தது. காலிச் சரம் பட்டியலை விரிக்கும்போதே மறைந்துபோனது. ஒருவர் வேண்டுமென்றே காலியாகக் கொடுத்ததற்கும் கொடுக்காமலே விட்டதற்கும் வேறுபாடு தெரியவில்லை. பிழை நேர்ந்தும் எந்தச் செய்தியும் வராமல், தவறான மென்பொருள் அமைதியாக உருவாகிவிடும் என்பதே இக்குறைகளின் தீமை.

இவற்றைச் சீர்செய்யும் பணி பதினான்கு ஆண்டுகள் படிப்படியாக நடந்தது. 2016 மார்ச்சில் வந்த 3.5 பதிப்பில், ஸ்கிரிப்டாக இருந்த கூறு சி++ மொழியில் உள்ளமைந்த கட்டளையாக மாற்றி எழுதப்பட்டு விரைவு பெற்றது. அதை உள்ளிழுக்கும் பழைய வரிகள் உடையாதிருக்க, பெயரளவிலான வெற்றுக் கோப்பு மட்டும் அந்த இடத்தில் விடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 3.7 பதிப்பில், விரித்துக் கொடுக்கப்பட்ட பட்டியலை நம்பாமல் செயற்கூறுக்கு வந்த அளபுருக்களை ஒவ்வொன்றாக நேரே படிக்கும் ‘பார்ஸ் ஆர்க்வி’ வடிவம் வந்தது. அரைப்புள்ளி உடைய மதிப்பு அதன்பின் உடையாமல் சேர்ந்தது. 2019 ஜூலையில் வந்த 3.15 பதிப்பு, பெயர் மட்டும் வந்து மதிப்பு வராத சிறப்புச்சொற்களைத் தனிப்பட்டியலில் தந்தது. ஒற்றை மதிப்புச் சொல்லை அடுத்துக் காலிச் சரம் வந்தாலும் அதன் மாறி வரையறுக்கப்பட வேண்டும் என்பது 2024 நவம்பரில் வந்த 3.31 பதிப்பில், பழைய ஸ்கிரிப்ட்களைக் குலைக்காதபடி ஒரு கொள்கைத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. காலியாகக் கொடுத்தலும் கொடுக்காமல் விடுதலும் வேறு என்பதை அம்மொழி ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

வேறு வழிகள்

ஒரே கேள்விக்குப் பிற கருவிகள் கண்ட விடைகளோடு ஒப்பிடும்போது சிமேக் வழியின் தனித்தன்மை விளங்கும். 2000இல் தனிக் கருவியாக வெளிவந்த ஜாவா உலகின் ஆன்ட், எக்ஸ்எம்எல் மொழியைக் கையாண்டதால், மூல அடைவும் சேருமிட அடைவும் பண்புகளாகப் பெயருடனேயே எழுதப்பட்டன. பெயரிடாமல் எழுத அங்கே வழியே இல்லை. அதே ஆண்டு சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி போட்டியில் வென்ற ஸ்டீவன் நைட்டின் வடிவமைப்பிலிருந்து பிறந்த எஸ்கான்ஸ், பில்ட் ஸ்கிரிப்டையே பைத்தான் நிரலாக ஆக்கியது. பைத்தானில் 1995இன் 1.3 பதிப்பு முதலே சிறப்புச்சொல் அளபுருக்கள் மொழியின் பகுதியாக இருந்ததால், பயனர் எழுதும் செயற்கூறுகளுக்கும் அவ்வசதி உழைப்பின்றிக் கிடைத்தது. பிரித்துப் படிப்பது என்னும் வேலையே எழவில்லை.

யூசி பாக்கனன் 2013இல் வெளியிட்ட மேசான் எதிர்த்திசையில் ஒரு கடுமையான முடிவை எடுத்தது. பெயருக்கும் மதிப்புக்கும் இடையே முக்காற்புள்ளி இட்டு எழுதும் சிறப்புச்சொல் அளபுருக்கள் அதன் மொழியில் இயல்பாக உண்டு. ஆனால் பயனர் தாமாகச் செயற்கூறு வகுக்கும் வசதி வேண்டுமென்றே விலக்கப்பட்டது. அறியாத சிறப்புச்சொல்லுக்கு முதலில் எச்சரிக்கையும் பின்னர்ப் பிழையும் தரும் கண்டிப்பும் அதில் வளர்ந்தது. கூகுள் 2015இல் பொதுவெளிக்குத் தந்த பேசல், பைத்தானை ஒத்த தன் ஸ்டார்லார்க் மொழியில், விதிகளை அழைக்கும்போது பெயரில்லாத அளபுருவையே ஏற்பதில்லை. இலக்கின் பெயர், மூலங்கள், சார்புகள் மூன்றும் எப்போதும் தத்தம் சொல்லோடுதான் நிற்கும்.

இம்முடிவுகள் அனைத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பில்ட் ஸ்கிரிப்ட் அரிதாக எழுதப்பட்டு, அடிக்கடி படிக்கப்படும் நிரல். எழுதியவர் வேறு வேலைக்குச் சென்ற பின்னும், தொகுப்பி மாறிய பின்னும், புதிய இயக்க அமைப்பு வந்த பின்னும், அதை ஒருவர் திறந்து எந்த வரி என்ன செய்கிறது என்று அறிய வேண்டியிருக்கும். இடமுறை எழுதுபவரின் நினைவை நம்புகிறது. அந்நினைவு எழுதியவரோடு போய்விடுகிறது. பெயர்முறை பொருளை அந்த வரியிலேயே வைத்துவிடுகிறது. ஆன்ட், எஸ்கான்ஸ், பேசல் ஆகியவை அதைத் தம் அடித்தள மொழியிலிருந்து பெற்றன. மேசான் அதை முதலிலேயே திட்டமிட்டுத் தந்தது. சிமேக்கிலோ அது கீழிருந்து வந்தது: கட்டளைகளை எழுதியவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட நடையை, அவற்றைப் பயன்படுத்தியவர்கள் தமக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள்.

அவ்வாறு வந்ததற்கு விலையும் உண்டு. காலிச் சரத்திற்கும் அரைப்புள்ளிக்கும் ஆண்டுக்கணக்கில் திருத்தம் தேவைப்பட்டது அந்த விலையே. மொழியை முதலிலேயே நன்கு வகுத்திருந்தால் அத்திருத்தங்கள் வேண்டியிருந்திரா என்பது உண்மை. ஆயினும் பழைய ஸ்கிரிப்ட் எதையும் எறியாமல், ஒவ்வொரு பதிப்பிலும் பழைய அழைப்பும் புதிய அழைப்பும் ஒருங்கே இயங்கும்படி அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டன என்பதும் அதே அளவு உண்மை. பெயர்முறை எதற்காக வேண்டப்பட்டதோ, அதாவது பழையதை உடைக்காமல் வளர்வது, அதே நெறியைப் பெயர்முறையின் வளர்ச்சியிலும் சிமேக் கடைப்பிடித்தது. பில்ட் கருவி ஒன்றை மதிப்பிட விரும்புபவர் அதன் விரைவையும் வசதிகளையும் மட்டும் பாராமல், ஒரு புதிய அளபுருவைச் சேர்க்கும்போது பழைய அழைப்புகளுக்கு அது என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்த வரலாறு அக்கேள்விக்கு முதலிடம் தருகிறது.